நடுவில் நின்ற முள்

பிரபு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். உன் கல்யாணப் பத்திரிகைகளின் மூலைகளில் மஞ்சள் தடவிக் கூடத்தில் காய வைத்திருக்கிறோம். அவற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உறையில் போட்டு ஒட்டி உன்னிடம் தரப்போவதில்லை. உன் அப்பா படிக்கலாம், நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணும் படிக்கலாம். அவள் படிப்பது நல்லது என்றே நினைக்கிறேன். நேரில் பேசினால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். என்னைப் பற்றி உனக்குத் தெரிந்த அந்த ஒன்றைத்தான் நீ பயன்படுத்திக்கொண்டாய்.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது உனக்குப் பதினோரு வயது. உன்னைப் பெற்றவள் இறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. எனக்கும் அப்போது பெரிய வயதில்லை. மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டப் போகிறவர்கள் வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போய், இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டு, நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க முடியாமல் நின்ற பெண் நான். உன்னிடம் என்ன பேசுவது என்றும் எனக்குத் தெரியவில்லை. நீயும் என்னை எந்தப் பெயரிலும் கூப்பிடவில்லை. ஒருநாள் மிக்ஸியைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி பூட்டி முடித்தவன், உள்ளங்கையை என் முன்னால் நீட்டி, “சித்தி, ஒரு ஸ்குரு மிச்சமா கீது” என்றாய். அதுதான் முதல் தடவை. இரண்டு பேரும் சேர்ந்து அந்த மிக்ஸியை மறுபடி பிரித்தோம். அந்த ஸ்குரு எந்த ஓட்டைக்கு உரியது என்று கண்டுபிடித்தவன் நீதான். அன்றிலிருந்து உனக்கும் எனக்கும் நடுவே பேச்சு என்றால் அது ஏதாவது ஒரு பொருளைப் பற்றியதாகவே இருந்தது. அது எனக்குப் போதுமாக இருந்தது. ஆனாலும் நான் பாடம் நடத்துகிற மலைப் பள்ளிக்கூடத்தில் உன்னைப் பற்றிப் பேச்சு வந்தால் “எங்க வீட்டுப் பையன்” என்றுதான் சொல்வேன். ‘என் மகன்’ என்று சொன்னால், பெறாத பிள்ளைக்கு உரிமை கொண்டாடுகிறாள் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்று கூச்சம்.

நீ டிப்ளமோ முடித்து, உளுந்தூர்பேட்டை ரோட்டில் இருக்கிற மெக்கானிக் ஷெட்டில் சேர்ந்து, அந்தப் பழைய வெள்ளைக் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாய். “பஸ்ஸுல எவ்ளோ நாளு சித்தி தொங்கிக்கினு போவ, நா கத்துக்குடுக்கறேன்” என்றாய். மலைப்பாதையில் என்னை ஓட்ட வைத்தவன் நீ. ஒவ்வொரு வளைவிலும் நான் ஹாரன் அடிக்க வெட்கப்பட்டதை நினைத்து இப்போதும் சிரிப்பாய். “ஹாரன் அடிச்சா எதிர்ல வர்றவன் உன்ன ஒண்ணும் பொண்ணு பாக்க வரமாட்டான் சித்தி, அடி” என்று கத்தினாய். வெள்ளிமலைக்குப் பாதி தூரம் ஏறியபோதுதான் அந்த முதல் கோளாறு வந்தது.

“முள்ள பாத்தியா சித்தி?”

“எந்த முள்?”

“ரோட்டயே பாத்துக்கினு போனா பத்தாது. அப்பப்ப இதையும் பாக்கணும். இன்ஜின் சூட்ட காட்டற முள்ளு இது, செவப்புக்குப் போச்சுன்னா இன்ஜின் போச்சு.”

ஓரமாக நிறுத்தினோம். நான் புடவைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்து ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன். நீ என் கையைத் தட்டிவிட்டாய். கொதிக்கும்போது அதைத் திறந்தால் முகம் வெந்துவிடும் என்று நீ சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அழுத்தத்தைப் பற்றி நான் வகுப்பில் நடத்துகிற பாடம்தான். பிறகு என்னை உட்கார வைத்து ஏசியைப் போடச் சொன்னாய். போட்டேன். முன்னால் ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது.

“நம்ம வண்டில ஏசிக்கும் இன்ஜினுக்கும் ஒரே ஃபேன்தான். ஏசி போட்டா சுத்துது, சூட்டுக்கு சுத்தல. அப்ப இன்னா அர்த்தம்? சொல்லுங்க டீச்சர்.”

“மோட்டாருக்கு ஒண்ணும் இல்ல. சூடாயிடுச்சுன்னு அதுக்கு யாரும் தகவல் சொல்லல.”

“பாஸ்” என்றாய். டீச்சரிடம் கேள்வி கேட்டு மார்க் போட்ட சந்தோஷம் உன் முகத்தில் தெரிந்தது. ஏசியைப் போட்டும் சுற்றாமல் போயிருந்தால் முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே, அதற்கும் மேலே பேட்டரியிலிருந்து நேராக மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்துப் பார்ப்பது என்று வரிசையாகச் சொன்னாய். சந்தேகப்பட்டு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுகிறவன் மெக்கானிக் இல்லை, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருகிறவன்தான் மெக்கானிக் என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. கல்லூரியில் எனக்கு இதைப் போல யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அன்று மாலை, சூட்டை ஃபேனுக்குத் தெரிவிக்கிற சென்சாரைக் கழற்றிக் கொண்டுவந்து, என் பால் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அதில் முக்கி அடுப்பில் வைத்தாய். இரண்டு ஒயரை மல்டிமீட்டரில் கோத்து என் கையில் கொடுத்தாய். தண்ணீர் சூடாக ஆக அதில் தெரிகிற மின்தடை எண் இறங்கிக்கொண்டே வர வேண்டும், அதுதான் நல்ல சென்சார். நம்முடையது தண்ணீர் கொதித்தும் இறங்காமல் அப்படியே நின்றது. உன் அப்பா எட்டிப் பார்த்து, “இன்னாடா இது, இரும்புல ரசமா?” என்று கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் வாங்கி வந்த புதிய சென்சாரையும் நீ அதே பாத்திரத்தில் போட்டுப் பார்த்தாய். எதற்கு என்று கேட்டேன். “புதுசுன்னு சொன்னா நம்பிடறதா? நாமளே பாக்கணும் சித்தி” என்றாய். இந்த வண்டியில் ஃபேனைப் போடச் சொல்வதற்கு ஒரு சென்சார், முள்ளைக் காட்டுவதற்கு ஒரு சென்சார், இரண்டும் வேறு வேறு என்றும் அன்றுதான் சொன்னாய். இன்னொன்றும் சொன்னாய். சில ஷெட்டுகளில் ஃபேனைச் சாவியோடு ‘டைரக்ட்’ கொடுத்துவிடுவார்கள், சாவியைத் திருப்பினால் போதும், சூடோ குளிரோ சுற்றிக்கொண்டே இருக்கும், கோளாறு உள்ளே அப்படியே இருக்கும் என்றாய். “அவனெல்லாம் ஒரு மெக்கானிக்கா?” என்றாய். இதை நான் மறக்கவில்லை. நீ மறந்திருப்பாய்.

பிறகு இந்த வருஷம் வெயில் ஏறிய சமயத்தில், ஃபேன் நன்றாகச் சுற்றியும் ஏற்றத்தில் முள் ஏற ஆரம்பித்தது. தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. வாசலில் பானட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, தண்ணீர் டப்பாவில் குமிழி வருவதை நீ பார்த்துக்கொண்டு நின்றதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஆயில் மூடியைக் கழற்றி அதன் அடியில் விரலால் தடவிப் பார்த்தாய். விரலில் மோர் போல ஒட்டியிருந்தது. அதைத் துணியில் துடைத்துவிட்டு, கோளாறு என்னவென்று என்னிடம் சொல்லாமல் வண்டியை ஷெட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாய். இரண்டு நாள் கழித்து, “சரி பண்ணிட்டேன், வித்துடலாம்னு பாக்கறேன், கல்யாணத்துக்கு வாசல்ல வேற நல்ல வண்டியா நிக்கட்டும்” என்றாய்.

வாங்க வந்தவர்கள் செல்வியும் அவள் கணவர் மாணிக்கமும். எங்கள் மலைப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள் செல்வி என்பது உனக்குத் தெரியும். வரும்போது ஒரு பை நிறையச் சாமை கொண்டுவந்தார்கள். அவர்கள் மகள் ரேவதிக்கு இது இரண்டாவது பிரசவம். முதல் பிரசவத்துக்கு வலி எடுத்தபோது மலையிலிருந்து இறங்க வண்டி கிடைக்கவில்லை, கிடைத்த ஜீப்பும் பாதி வழியில் நின்றுவிட்டது, குழந்தை தங்கவில்லை. அதனால்தான் சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்று அலைகிறார்கள். இதையெல்லாம் செல்வி நம் கூடத்தில் உட்கார்ந்து சொன்னாள். நீ எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய். வண்டியைப் பற்றி நீ நிறையச் சொன்னாய். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“தம்பி சொல்றது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க டீச்சர். நம்பி வாங்கலாங்களா?”

“என் மகன் பார்த்த வண்டி. தாராளமா வாங்கலாம்” என்றேன்.

நீ தலையைக் குனிந்துகொண்டாய். ‘மகன்’ என்ற சொல்லைக் கேட்டுத்தான் குனிந்தாய் என்று நினைத்தேன். எனக்கும் கண் கலங்கியது. காப்பி போடுகிற சாக்கில் எழுந்து உள்ளே போனேன். இத்தனை வருஷத்தில் நான் ஒருவருக்கு எதையாவது சிபாரிசு செய்தது அது ஒன்றுதான். வண்டி ஷெட்டிலிருந்து நேராக மலைக்குப் போய்விட்டது. அதன்பின் நான் அதை ஓட்டவில்லை.

போன வாரம் ஒருநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறி வெள்ளிமலையில் இறங்கினேன். பனி விலகவில்லை. மாணிக்கம் வண்டியோடு நின்றிருந்தார். கூப்பிட்டு முன் சீட்டில் உட்கார வைத்தார். சாவியைத் திருப்பினார். இன்ஜின் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. அதற்குள் முள் எழுந்து நடுவில் வந்து நின்றது. முன்னால் ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது.

“அண்ணே, எங்கயாவது ஓட்டிட்டு வந்து நிறுத்துனீங்களா?”

“இல்லிங்களே. ராத்திரி முச்சூடும் பனியிலதான் நின்னுது.” அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார். “உங்க பையன் கைதான் கை டீச்சர். ஏத்தத்துல மத்தவன் வண்டியெல்லாம் கொதிச்சிப் போவுது, நம்ம வண்டி முள்ளு அசையறதே இல்ல. தண்ணிதான் கொஞ்சம் ஜாஸ்தி குடிக்குது.”

நான் இறங்கிப் போய் பானட்டைத் திறந்தேன். சுற்றி ஜீப் ஓட்டுகிறவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். “டேய், டீச்சரு ரிப்பேரு பாக்கறாங்கடா, நம்ம பொழப்பு போச்சு” என்றான் ஒருவன். “ஒயர உட்டுட்டு எங்களுக்குக் கணக்குப் பாடம் எடுங்க டீச்சர்” என்றான் இன்னொருவன். வேறு நாளாக இருந்தால் நான் அங்கேயே சுருங்கிப் போயிருப்பேன். அன்று அவர்கள் பேச்சு காதில் விழுந்ததே தவிர உள்ளே போகவில்லை. முள்ளுக்குரிய சென்சாரின் தலை மொட்டையாக இருந்தது. அதற்கு வர வேண்டிய ஒயர் வளைந்து இன்னொரு பக்கம் போய், கறுப்பு டேப் சுற்றிக் கிடந்தது. டேப்பைப் பிரித்தேன். உள்ளே நகத்தளவு ஒரு ரெசிஸ்டர், அதன் மறுமுனை வண்டியின் உடம்போடு முறுக்கப்பட்டிருந்தது. அதன் வண்ண வளையங்களை வைத்து மதிப்பைக் கணக்கிட நான்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். சூடான சென்சார் என்ன எண்ணைக் காட்டுமோ அதற்குப் பக்கத்தில் பார்த்து எடுத்திருக்கிறாய். சுத்தமான வேலை. நான் ஒயரை இழுத்ததும் உள்ளே முள் கீழே விழுந்தது.

“இன்னா டீச்சர், முள்ளு செத்துப்போச்சி?” என்றார் மாணிக்கம்.

ஆயில் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். அதே மோர், ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தது. “அண்ணே, இந்த வண்டிய இறக்கத்துக்கு எடுத்துட்டுப் போகாதீங்க. மத்தியானம் சொல்றேன்” என்று மட்டும் சொன்னேன். அவர் ஒன்றும் புரியாமல், என் பேச்சை மதித்துச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இடைவேளையில் உனக்குப் போன் செய்தேன். அந்தப் பேச்சை நான் எழுத வேண்டியதில்லை, உனக்கே தெரியும். ஆனால் மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள், அதனால் எழுதுகிறேன். முதலில் “எந்த ஒயரு?” என்று கேட்டாய். முள்ளுக்குப் போகிற ஒயர் என்றேன்.

“நீ எதுக்கு சித்தி பானட்ட தொறந்த?”

“நீதானே சொல்லிக் குடுத்த.”

“இன்ஜின் ஹெட்ட எறக்கி உள்ள இருக்கற கேஸ்கட் மாத்தணும்னா வண்டி எத்தினி நாளு நிக்கும் தெரியுமா? அதுக்குள்ள அவங்க வேற வண்டி பாத்துருப்பாங்க. எல்லா ஷெட்லயும் பண்றதுதான் இது. கல்யாணம் முடியட்டும், நானே போய் பாத்துக்கறேன்.”

“ரேவதிக்கு அடுத்த மாசம்னு சொல்லியிருக்காங்க பிரபு.”

“அதுக்குள்ள ஒண்ணும் ஆவாது. நீ யாருகிட்டயும் சொல்லிக்கினு இருக்காத.” பிறகு சிரித்தாய். “நீதான் பேசவே மாட்டியே. அதனாலதான சித்தி, நீ சொன்னதும் அவங்க நம்பினாங்க.”

சிரித்துக்கொண்டு சொன்னதால் இது சின்ன விஷயம் என்று நீ நினைக்கலாம். அந்த வாக்கியத்தோடு நான் அடுத்த வகுப்புக்குப் போனேன். கரும்பலகையில் என்ன எழுதினேன் என்று தெரியாது. என் கூச்சத்தை நான் ஒரு குறையாகத்தான் நினைத்து வந்தேன். உனக்கு அது கையில் எடுக்கிற ஸ்பேனர் போல இருந்திருக்கிறது. அன்று கூடத்தில் நீ எதிரில் உட்கார்ந்திருந்தபோதே வேலை முடிந்திருந்தது. டேப் சுற்றியாகிவிட்டது. என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வர வேண்டியது மட்டும்தான் பாக்கி. இறந்த குழந்தையைப் பற்றிச் செல்வி சொன்னதைக் கேட்டும் நீ அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாய். நானும் கொடுத்தேன், அதுவரை யாரிடமும் சொல்லாத ஒரு சொல்லையும் அதோடு சேர்த்து.

மத்தியானம் சமையற்கூடத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் சாப்பிட்டுக் கை கழுவப் போயிருந்தார்கள். செல்வி அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள், மாணிக்கம் கதவோரம் உட்கார்ந்திருந்தார். ரெசிஸ்டரைக் கையில் வைத்துக் காட்டி, அது முள்ளை எப்போதும் நடுவிலேயே நிறுத்தி வைக்கிறது, இன்ஜினுக்குள் ஆயிலையும் தண்ணீரையும் பிரிக்கிற கேஸ்கட் கெட்டிருக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் நிறுத்தவில்லை. “அதான் நானும் பாக்கறேன், இன்னாடா நம்ம வண்டிக்கு மட்டும் ஜொரமே வரமாட்டேங்குதுன்னு” என்றார் மாணிக்கம். அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. செல்வி அண்டாவை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“தெரிஞ்சி சொன்னீங்களா டீச்சர், தெரியாம சொன்னீங்களா?”

“தெரியாம.”

“வண்டி கெடக்குதுங்க, இரும்பு. அன்னிக்கு என் மகன்னு சொன்னீங்க பாருங்க, அதத்தான் மனசு தாங்கல.”

இரண்டு பேரும் சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அன்று சாயங்காலமே, ரேவதியை நம் வீட்டுக்கு அனுப்பும்படி அவர்களிடம் கேட்டுக்கொண்டேன். ரேவதி நாளை மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி நம் வீட்டுக்கு வருகிறாள். ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிற இந்த வீட்டில் பிரசவம் ஆகும்வரை இருப்பாள். செல்வி முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் சரி என்றதும் எனக்காக இல்லை, தன் மகளுக்காகத்தான். உன் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். தட்டில் பாதிச் சோறு இருக்க எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்து, “உள் ரூம ஒழிச்சிக் குடு” என்று மட்டும் சொன்னார். ஆக, நீ மாப்பிள்ளையாக வளைய வரப்போகிற வீட்டில் அவள் இருப்பாள். தினமும் அவளைத் தாண்டித்தான் நீ வாசலுக்குப் போக வேண்டும். தண்டனையாக இதைச் செய்யவில்லை. அவளை மலையிலிருந்து இறக்க இதைவிட நம்பிக்கையான வழி எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளைக்குப் புத்தி சொல்வது பெற்றவர்கள் வழக்கம். எனக்குத் தெரிந்த புத்தியெல்லாம் நீ சொல்லிக் கொடுத்தது. அதையே திருப்பிச் சொல்கிறேன். வாழ்க்கைக்குப் பொருத்தி எதையும் சொல்லப் போவதில்லை, வண்டியைப் பற்றித்தான் சொல்கிறேன். கேஸ்கட்டையும் இரண்டு சென்சாரையும் எடுத்துக்கொண்டு மலைக்குப் போ. வண்டியை ஷெட்டுக்கு இழுத்து வராதே, அவர்கள் வாசலிலேயே பிரி. பிரிப்பதை அவர்கள் பார்க்கட்டும். ஹெட்டை இறக்கினால் அது சூட்டில் வளைந்திருக்கிறதா என்று மட்டம் வைத்துப் பார், வளைந்திருந்தால் அதைச் சீவாமல் மூடாதே. ஃபேனை மறுபடி ரிலே வழியாகவே கொடு. புதிய சென்சார் இரண்டையும் செல்வியிடம் ஒரு பாத்திரம் கேட்டு, வெந்நீரில் போட்டுப் பார்த்துவிட்டு மாட்டு. மல்டிமீட்டரை மாணிக்கத்தின் கையில் கொடு, எண் இறங்குவதை அவர் படிக்கட்டும். எத்தனை நாள் ஆனாலும் அங்கேயே தங்கு. பத்திரிகை கொடுக்கிற வேலையை நானும் உன் அப்பாவும் பார்த்துக்கொள்கிறோம்.

மணமேடையில் உன்னைப் பெற்றவள் இடத்தில் என்னை நிற்கச் சொல்லி உன் அப்பா கேட்டிருக்கிறார். போன மாதம் கேட்டிருந்தால் வெட்கத்தோடு சரி என்றிருப்பேன். இப்போது பதில் சொல்லாமல் இருக்கிறேன். வேலை முடிந்ததும் வண்டியை இரவு முழுக்க வெளியே பனியில் நிறுத்து. காலையில் நான் முதல் பஸ்ஸில் வருகிறேன். நீயோ நானோ சாவியைத் தொட வேண்டாம். செல்வி முன் சீட்டில் உட்கார்ந்து அதைத் திருப்பட்டும். ஃபேன் சத்தம் கேட்கக் கூடாது. முள் கீழே கிடக்க வேண்டும், பிரபு. அவள் அதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு இறங்கி வந்து என்னிடம் என்ன சொல்கிறாளோ, அதைக் கேட்ட பிறகுதான் உன் அப்பாவுக்கு நான் பதில் சொல்வேன்.